எட்டாம் நம்பர் புட்டி

காளீஸ்வரியைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்குக் கை வராது. ஆனால் அவளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளும் கிடையாது. கோவில்பட்டியில் ஒரு தனியார் அறுவை சிகிச்சை மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நான்கு வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். அதில் மூன்றரை வருடம் நான் அவளைப் பார்த்து வயிறெரிந்தேன். மீதி ஆறு மாதம் அவளைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது.

என் பெயர் சத்தியபாமா. அப்பாவுக்கு மார்க்கெட் ரோட்டில் பலசரக்குக் கடை. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்து லேப் டெக்னீஷியன் படிப்பை நான் சொகுசாகவே படித்தேன். காளீஸ்வரி தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன புதூர்ப் பக்கம். அவள் அப்பா செம்மறி ஆட்டுக்காரர். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் ராத்திரி ஆட்டைக் கிடை போட்டு உரத்துக்கு விடுகிறவர். அவளும் அதே படிப்பை உதவித்தொகையில் படித்துவிட்டு, நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து வந்து சேர்ந்தாள். அந்த ஆறு மாதத்தை வைத்து நான் என்னை சீனியர் என்று சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் சொல்லவில்லை.

முதல் எரிச்சல் ஊசியில் ஆரம்பித்தது. ரத்தம் எடுக்க நான் போனால், இரண்டாம் தடவை குத்தும்போதே நோயாளி வாசலைப் பார்ப்பார். "அந்தக் காளிப் பொண்ணு இல்லையாம்மா?" என்பார். அவள் வந்து கையைப் பிடித்து, ஊர் என்ன, மழை உண்டா என்று கேட்டுக்கொண்டே ஊசியை ஏற்றியிருப்பாள். "குத்திட்டியா?" என்று கேட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் கண்ணாடிக் குழாயைக் கழுவுகிற சாக்கில் நான் வெளியே போய்விடுவேன்.

அதுவாவது பரவாயில்லை. கிருமி வளர்ப்பதுதான் எங்கள் வேலையில் பெரிய வித்தை. புண்ணிலிருந்து சீழை எடுத்து, கிருமிக்குத் தீனி கலந்த வட்டத் தட்டில் இழுவி, வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு நாள் வைத்தால், மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அது என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்து எழுத வேண்டும். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்து ஒவ்வொரு சோதனையாகச் செய்து சாயங்காலத்துக்குள் சொல்வேன். அவள் காலையில் பெட்டியைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சி, "பாமா, நாலாம் பெட்டுக்காரருக்கு அந்தப் பச்சைக் கிருமிதாம்டி" என்பாள். சூடோமோனாஸ் என்கிற அந்தக் கிருமி பச்சையாகச் சாயம் விடும். திராட்சைப் பழம் அழுகின மாதிரி ஓர் இனிப்பு வாடை அடிக்கும். எனக்கும் மூக்கு இருந்தது. அதில் ஒன்றும் ஏறவில்லை.

"எப்படிட்டி கண்டுபிடிக்கே?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"நூறு ஆட்டுல நம்ம ஆடு எதுன்னு தெரியாதா? அது மாதிரிதான். ஒன்னொன்னுக்கும் ஒரு மொகம் இருக்குல்லா" என்றாள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்லியிருந்தால் நான் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

2003-ஆம் வருடம் மழை பொய்த்த வருடம். ஊரில் பத்து நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் அதற்கும் மேல் தள்ளித்தான் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரைக் கீழே கொட்டுவது என்பது சோற்றைக் கொட்டுவது மாதிரி. அரிசி களைந்த தண்ணீர் ஆட்டுக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் முருங்கைக்கு என்று வீட்டுக்கு வீடு ஒரு முறை உண்டு. மருத்துவமனைக்கும் அதே முறைதான். அறுவை சிகிச்சை வார்டு வாசலில் ஓர் எனாமல் பேசினில் கிருமிநாசினி கலந்த தண்ணீர் இருக்கும். ஒரு புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு அதில் கையை முக்கித் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றுவார்கள், மருந்தும் கொஞ்சம் சேர்ப்பார்கள். அடியோடு கொட்டிக் கழுவியதை நான் பார்த்ததில்லை. வார்டு சிஸ்டர் முத்துத்தாய்க்கு அந்தப் பேசின் மேல் பெருமையே உண்டு. ஒரு சொட்டு வீணாக்காமல் வார்டை நடத்துகிறேன் என்று வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த வருடம் மாசி, பங்குனியில் ஏழு பேருக்கு அறுவைப் புண் பச்சையாகப் பழுத்தது. குடலிறக்கம், குடல்வால், பிரசவ அறுவை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆட்கள். ஏழு பேர் சீழிலும் அதே பச்சைக் கிருமி. வழக்கமாகக் கொடுக்கிற எந்த மருந்துக்கும் அது அசையவில்லை. தட்டில் மருந்து வில்லையை வைத்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி சாக வேண்டும். இது வில்லையின் விளிம்புவரை வந்து முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது.

காளீஸ்வரி யாரும் சொல்லாமலேயே வார்டில் ஒவ்வொரு பொருளாகத் தடவி எடுத்து வந்து வளர்த்தாள். கட்டில் கம்பி, கத்தரிக்கோல், வாளி, கடைசியாகப் பேசின் தண்ணீர். பேசினில் பச்சை முளைத்தது. மருந்து வில்லைக்கு அதுவும் அசையவில்லை.

அவள் நேராக முத்துத்தாயிடம் போய், "சிஸ்டர், அந்தத் தண்ணிய தெனமும் கொட்டிட்டுப் புதுசு வைங்க" என்றாள்.

"புதூர்க்காரி, நீயாட்டி தண்ணியக் கொட்டச் சொல்லுதே?" என்றார் முத்துத்தாய். "அது மருந்துட்டி. மருந்துக்குள்ள கிருமி எப்படி இருக்கும்?"

"இது மருந்தையே தின்னுட்டு வளருத கிருமி சிஸ்டர்."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையில் அவள் சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்; எனக்கும் தெரியும். அந்த மருந்தைக் கலந்த தட்டிலேயே இந்தக் கிருமியைப் பிரித்து வளர்ப்பார்கள். தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை.

மருத்துவமனை நடத்தியவர் டாக்டர் மாயகிருஷ்ணன். நியாயமான மனிதர், ஆனால் எதற்கும் ஆதாரம் கேட்பார். "ஒரே மருந்துக்கு மசியலைங்கிறதால ரெண்டும் ஒரே கிருமின்னு சொல்லிர முடியாது காளீஸ்வரி. ஊர்ல பாதிக் கிருமி அப்படித்தான் இருக்கு. மரபணுவைப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். மதுரையில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் அவருக்குத் தெரிந்த செல்வகணேஷ் என்கிற விஞ்ஞானி இருந்தார். அவர் ஒரு நாள் வந்து எங்கள் மேசை முன்னால் உட்கார்ந்து விளக்கினார். கிருமியின் மரபணுவைப் பிரித்து, இயந்திரத்தில் பெருக்கி, கூழ் மாதிரி ஒரு வில்லையில் மின்சாரம் பாய்ச்சி ஓட விட்டால் கோடு கோடாக நிற்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றால் கோடுகள் அச்சாக ஒத்துப்போகும். வேறு வேறு என்றால் தாறுமாறாக இருக்கும். ஏழு நோயாளிகளின் கிருமியையும் பேசின் கிருமியையும் எட்டுப் புட்டிகளில் வளர்த்து அனுப்பச் சொன்னார்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். இந்த வேலைக்கு மூன்று வருடத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது, ஒரு டெக்னீஷியன் வேண்டும், பயிற்சி மதுரையிலேயே கொடுப்போம் என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "காளீஸ்வரியை எடுத்துக்கிடுங்க. எனக்கு நஷ்டம்தான். இருந்தாலும் அந்தக் கை அங்கதான் இருக்கணும்" என்றார்.

அந்தக் கை. நான் என் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அவளுக்கு முன்னால் சேர்ந்தவள் நான், அவளைவிட மார்க்கு வாங்கியவள் நான், ஆங்கிலம் பேசுகிறவள் நான். மதுரை எனக்குத்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அப்புறம் அது என் பொருளை அவள் எடுத்துக்கொண்டது போலவே ஆகிவிட்டது.

புட்டிகளை அவள்தான் வளர்த்தாள். விரல் நீளத்துக்கு மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகள். பிளாஸ்திரி ஒட்டி ஒன்றிலிருந்து எட்டுவரை எண் எழுதியிருந்தாள். எட்டாம் நம்பர் பேசின். மறுநாள் ஒன்பது மணி பஸ்ஸில் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் அனுப்புவதாக ஏற்பாடு. அன்றைக்கு நான் ஏழரை மணிக்கே போய்விட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் கண்ட்ரோல் என்று ஒரு கிருமி எப்போதும் வளர்த்து வைத்திருப்போம். எந்த மருந்துக்கு எவ்வளவு சாகும் என்று முன்கூட்டியே தெரிந்த கிருமி. மருந்து வில்லைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கு. எங்களிடம் இருந்த ஒரு கண்ட்ரோல் இதே பச்சை வகைதான். அதே மாதிரிப் புட்டி, அதே நிறம், அதே வாடை. எட்டாம் நம்பர் பிளாஸ்திரியை உரித்துக் கண்ட்ரோல் புட்டியில் ஒட்டினேன். பேசின் கிருமி இருந்த புட்டியைக் கழிவோடு கழிவாகக் கிருமியைக் கொல்லுகிற குக்கரில் வேக வைத்துவிட்டேன். கண்ட்ரோலுக்கு இன்னொரு புட்டி கைவசம் இருந்ததால் ஒன்று குறைந்தது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

யாருக்கும் கெடுதல் செய்கிறோம் என்று தோன்றவே இல்லை. அவள் சொன்னது தப்பு என்று ஒரே ஒரு தடவை ஆகட்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆயிற்று. மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நோயாளிகள் ஏழு பேருடையதும் ஒரே கிருமி, பேசின் கிருமி வேறு. டாக்டர் அதை வார்டிலேயே படித்தார். முத்துத்தாய் சிஸ்டர் முந்தானையைச் சொருகிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேம்லா" என்றார். பேசின் அதே இடத்தில் இருந்தது. காளீஸ்வரி தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு மேசைக்கு வந்தாள். அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு அத்தனை ருசியாக இருந்தது.

நாலு நாள் கழித்து இசக்கிதுரை வந்து சேர்ந்தார். குளத்தூர்க்காரர், உப்பளத்தில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கரை உண்டு. உள்ளங்காலில் உப்புக்கல் கிழித்துச் சீழ் கட்டியிருந்தது. சேர்த்த அன்றைக்கு அவர் சீழை நான்தான் வளர்த்தேன். எந்த மாத்திரைக்கும் சாகிற சாதாரணக் கிருமி. கீறி விட்டு ஒரு வாரத்தில் அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். நல்ல பேச்சுக்காரர். காளீஸ்வரி ரத்தம் எடுக்கப் போனால், "வா தாயி, இன்னைக்கு எத்தன லிட்டரு?" என்பார்.

ஆறாம் நாள் அவள் வார்டிலிருந்து திரும்பி வந்து என் பக்கத்தில் அப்படியே நின்றாள். "அண்ணாச்சி கட்டுல அந்த வாடை வருதுட்டி" என்றாள். மறுநாள் தட்டு பச்சையாக இருந்தது. அதற்கப்புறம் பாதம் கறுத்தது. விலை கூடிய ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். சேர்ந்து பதினேழாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காளீஸ்வரி அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தாள். செல்வகணேஷுக்குத் தானே ஒரு கடிதம் எழுதிவிட்டாள். 'எட்டாம் நம்பர் கிருமி இங்கே எந்த மருந்துக்கும் சாகவில்லை. தயவுசெய்து அங்கேயும் ஒரு தடவை மருந்து வில்லை வைத்துப் பாருங்கள்' என்று நாலே வரி. கணக்குப் பார்த்தால் முடிவு வந்ததிலிருந்து இருபத்துநாலாம் நாள் பதில் வந்தது. எட்டாம் நம்பர் எல்லா மருந்துக்கும் சாகிறது. சந்தேகப்பட்டு, மதுரையில் ஒவ்வொரு தடவையும் ஓட விடுகிற கண்ட்ரோல் கிருமிக்குப் பக்கத்தில் அதை வைத்து ஓட விட்டிருக்கிறார்கள். கோடுகள் அச்சாக ஒத்துப்போயின. உலகத்தில் எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருக்கிற அதே கண்ட்ரோல். மதுரையிலும் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. 'புட்டி மாறியோ கை தவறிக் கலந்தோ இருக்கிறது, புதிதாக எடுத்து அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தார்.

புதிதாக அனுப்பினோம். இந்தத் தடவை டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். இசக்கிதுரையின் கிருமியும் சேர்ந்து போனது. பேசினும் எட்டு நோயாளிகளும் ஒரே கோடு. பேசினைத் தூக்கி எறிந்தார்கள். அதோடு பச்சை நின்றது.

காளீஸ்வரி சொன்னது சரி என்று ஆகிவிட்டது. ஆனால் யாரும் அதைப் பேசவில்லை. "உன் கை தப்பு பண்ணாம இருந்திருந்தா அந்த ஆள் காலு இருந்திருக்கும்" என்றார் டாக்டர். அவர் அவளைத் திட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டாள். "பாமா, நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னைக்குப் புட்டி போடும்போது நான் கண்ட்ரோல் புட்டியத் தொட்டேனா? எனக்குத் தொட்ட ஞாபகமே இல்லட்டி."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சும்மாவாவது இருந்திருக்கலாம். "தொட்ட மாதிரிதாம்டி இருந்துச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஒரு வாரத்தில் வேலையை விட்டுவிட்டாள். போகும்போது செல்வகணேஷுக்கு அவளே போன் போட்டு, "எனக்குக் கை சரியில்ல சார், பாமா நிதானமா செய்வா, அவளை எடுத்துக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். மதுரை இப்படித்தான் எனக்குக் கிடைத்தது. என் திறமைக்குக் கிடைக்கவில்லை, அவள் சிபாரிசில் கிடைத்தது. அதற்கும் அவள் மேல்தான் கோபம் வந்தது.

மதுரையில் எனக்குக் குறைவில்லை. மூன்று வருடத் திட்டம் நீண்டது. மரபணுவைப் பிரித்து, பெருக்கி, கோடுகளைப் படம் எடுத்து, எந்த மருத்துவமனைக் கிருமி எதற்குச் சொந்தம் என்று சொல்லும் வேலை. இரண்டு கட்டுரைகளில் என் பெயரும் வந்தது. ஆனால் ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் வந்ததும் செல்வகணேஷ் ஒரு படம் போட்டுக் காட்டுவார். எட்டாம் நம்பர் கோடும் கண்ட்ரோல் கோடும் பக்கத்தில் பக்கத்தில். "கவனக்குறைவு என்ன செய்யும் பாருங்க. கோவில்பட்டியில காளீஸ்வரின்னு ஒரு டெக்னீஷியன் பண்ணினது. ஒருத்தர் காலை இழந்தார்" என்பார். முதல் வருடம் அதைக் கேட்க எனக்கு இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது. இரண்டாம் வருடம் வேறு பக்கம் பார்த்தேன். அப்புறம் அந்த வகுப்பு வந்தால் லீவு போட்டுக்கொண்டிருந்தேன்.

அவளைப் பற்றிய தகவல் முத்துத்தாய் மூலம் வந்துகொண்டே இருந்தது. கல்யாணமாகி இடைசெவலில் இருக்கிறாள். அங்கே ஒரு டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மூன்று பஸ் மாறிக் குளத்தூர் போய் இசக்கிதுரைக்குச் சர்க்கரை பார்த்து, மிச்சமிருக்கிற காலில் கீறல் புண் உண்டா என்று பார்த்துவிட்டு வருகிறாள். "சொந்த மக கூட இப்படிப் போமாட்டா" என்றார் முத்துத்தாய். டோக்கன் கொடுக்கிறவளுக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்கு அதிலும் எரிந்தது. கட்டுரையில் பெயர் வந்த என்னை யாரும் மகள் என்று சொல்லவில்லை.

2009-இல் லீவு போட முடியாமல் அந்த வகுப்பில் மாட்டிக்கொண்டேன். படம் வந்தது, பெயர் வந்தது. பின்வரிசையில் ஒரு பையன், "ஆடு மேய்க்கப் போயிருக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முத்துத்தாய் வார்டில் நான் சிரித்த சிரிப்பு அது. எழுந்து வெளியே வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இடைசெவலுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "ஏட்டி, பாமாவா! வா வா, ஒரு பத்து நிமிசம் தாமசிச்சிருந்தா நான் பஸ் ஏறியிருப்பேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். இளைத்திருந்தாள். நாற்காலியில் ஒரு துணிப்பை. அன்றைக்கு இரண்டாம் ஞாயிறு. சர்க்கரை பார்க்கிற மிஷின், பஞ்சு, துணி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

நான் உட்காராமல் சொன்னேன். பிளாஸ்திரியை உரித்ததிலிருந்து, தொட்ட மாதிரி இருந்தது என்று சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். மதுரையை அவளிடமிருந்து பறித்துவிட்டேன் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதுதான்.

"எதுக்குட்டி?" என்றாள்.

"பொறாமைதான்."

"எம்மேலயா?" நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "நீ கடைக்காரர் மக. எங்கிட்ட என்னட்டி இருந்துச்சு?"

அவள் கட்டிலில் உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"மதுரை கெடக்கட்டும்" என்றாள். "ஆறு வருசமா அண்ணாச்சி வீட்டுக்குப் போறேன். ஒரு நாள் அவிய கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்ல. அந்த அக்கா செம்புல கொண்டாந்து நிக்கும். வேண்டாம்க்கா, இப்பத்தான் குடிச்சேன்னு பொய் சொல்லுவேன். அவிய காலை எடுத்தவ நான், எப்படிக் குடிக்க? பச்சைக் கிருமி நெனப்பு வந்தா எம்புள்ளையத் தொடக்கூட யோசிப்பேன். கை சரியில்லாதவ கைன்னு."

"காளி..."

"அந்த இருபத்துநாலு நாளு. அதுக்குள்ளதான அண்ணாச்சி வந்தாவ? அது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியும். நாள்கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலை என் கணக்கில் நான் ஒரு நாளும் வைத்ததில்லை. அவள் தப்பு என்று டாக்டர் சொன்னபோது நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டேன். தெரிந்துகொண்டே நம்புவதற்கு எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இந்த மாசம் நீ போ. யாருன்னு சொல்லு. என்ன செஞ்சேன்னு சொல்லு. அதுக்கப்புறம் அவிய கையத் தொடு. சொல்லாமத் தொடாத, ஆமா."

"நீயும் வாயேன்டி."

"நான் வந்தா எனக்காக உன்ன மன்னிச்சிருவாவ. நீ தனியாப் போ."

கோவில்பட்டி, விளாத்திகுளம், குளத்தூர் என்று மூன்று பஸ். வழி நெடுக மடியில் அந்தப் பை. திரும்பி மதுரைக்கே போய்விடலாம் என்று விளாத்திகுளத்தில் ஒரு நிமிடம் நின்றேன்.

இசக்கிதுரை வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகட்டை. சட்டை போட்டு, தலை சீவி, தயாராக இருந்தார். நான் அடையாளம் சொன்னதும், "ஆஸ்பத்திரிப் பொண்ணா? இருக்கட்டும். காளி வரலையா தாயி?" என்றார். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"வரல அண்ணாச்சி. நான் ஒன்னு சொல்லணும்."

நின்றுகொண்டே சொன்னேன். கிருமி, கண்ட்ரோல் எல்லாம் அவருக்குப் புரிந்ததா தெரியாது. "புட்டிய மாத்தி வச்சது நான். வேணும்னே செஞ்சேன். காளி மேல உள்ள பொறாமையில. அந்தத் தண்ணிய அப்பவே கொட்டியிருந்தா உங்க காலு போயிருக்காது" என்றேன். அது புரிந்தது. உள்ளேயிருந்து செம்போடு வந்த அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவர் துணி மடித்துக் கட்டியிருந்த முழங்காலைத் தடவிக்கொண்டார். "அந்தப் புள்ள எங்கிட்ட அழுதிருக்கு, தன் கைத்தப்புன்னு. விடு தாயி, விதின்னு நான்தான் சமாதானம் சொல்லியிருக்கேன்" என்றார். அப்புறம், "இது காளிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"காலையிலதான் சொன்னேன்."

அவர் மறுபடியும் தெருவைப் பார்த்தார். கால் போனதைக் கேட்டபோது வராத ஒரு கலக்கம் முகத்தில் வந்தது.

"அப்ப அது எங்க வீட்டுக்கு எதுக்கு வரணும் இனிமே?" என்றார். "தப்பு அதுமேல இல்லையே."

அதை நான் யோசிக்கவே இல்லை. வருவாள் என்று சொல்ல வாயெடுத்தேன்; எனக்கு என்ன தெரியும்? அவர் மனைவி செம்பை என்னிடம் நீட்டாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மண்ணில் உட்கார்ந்து, பையைத் திறந்து மிஷினை எடுத்தேன்.

"விரலைக் கொடுங்க அண்ணாச்சி" என்றேன்.

கொடுத்தார். முகத்தை மட்டும் பஸ் வருகிற பக்கம் திருப்பிக்கொண்டார்.